டெங்குவில் எந்த எண்ணைப் பார்ப்பது: பிளேட்லெட்டா, எஸ்ஜிஓடியா, பிசிவியா?

"அக்கா, கவுண்டு எவ்வளவு?"

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் லேப் ஜன்னலில் நாள் முழுக்க இந்த ஒரு கேள்விதான். அம்மா கேட்பார், அண்ணன் கேட்பார், சில சமயம் காய்ச்சலோடு சுவரில் சாய்ந்து நிற்கும் நோயாளியே கேட்பார். கவுண்டு என்றால் பிளேட்லெட், ரத்தத் தட்டணுக்கள். தாளில் அதற்கு மேலேயும் கீழேயும் இருபது எண்கள் அச்சாகியிருக்கும். அவற்றை யாரும் கேட்பதில்லை.

2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியபோது நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த வருடம் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டறியப்பட்டது, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அப்போது பார்த்த இரண்டு ரிப்போர்ட்டுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒருவருக்கு பிளேட்லெட் 18,000. வீடே அழுதுகொண்டிருந்தது. நாலு நாளில் எழுந்து நடந்து போய்விட்டார். இன்னொரு பையனுக்கு 92,000. "பரவாயில்லையே" என்று வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். மறுநாள் கை கால் சில்லிட்டு, நாடி பிடிபடாமல் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் முந்தின நாள் ரிப்போர்ட்டை நான் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, பிளேட்லெட்டுக்கு நாலு வரி மேலே எல்லாம் எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

நான் மருத்துவர் இல்லை. ரத்தம் எடுத்து மெஷினில் ஓட்டும் டெக்னீசியன். மருந்தும் சலைனும் டாக்டரின் முடிவு. ஆனால் எந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவது, ரிப்போர்ட் வந்ததும் எந்த வரியை முதலில் பார்ப்பது, எதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது, இதெல்லாம் வீட்டார் கையிலும் இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் கேட்கும் பிளேட்லெட்

பிளேட்லெட் பயனில்லாத எண் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல் வந்து மூன்று நான்கு நாளில் அது வேகமாக இறங்கினால் டெங்கு என்ற சந்தேகம் வலுக்கும். இறங்குவது ஆபத்துக் கட்டம், அதாவது காய்ச்சல் விடும் அந்த ஒன்றிரண்டு நாள், நெருங்குகிறது என்பதற்கும் ஒரு சாடை. சிக்கல் என்னவென்றால், எத்தனை இறங்கினால் ஆபத்து என்பதற்கு அதில் தெளிவான கோடு கிடையாது. டெங்குவில் பெரும்பாலும் உயிரை எடுப்பது ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுந்துபோவது. 15,000 பிளேட்லெட்டோடு கசிவே இல்லாமல் இருப்பவர் உண்டு, 90,000-இல் கசிவில் மூழ்குபவரும் உண்டு.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒரு ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே, ஆனால் ரத்தக்கசிவு இல்லை. அப்படிப்பட்ட பெரியவர்களில் ஒரு பாதிக்கு பிளேட்லெட் ஏற்றினார்கள், மறு பாதிக்கு ஏற்றவில்லை. ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. பக்கவிளைவுகள்தான் கூடின. ஏற்றுவதற்குப் பிளேட்லெட் பை தேடி ஊர் ஊராக ஓடும் குடும்பங்களைப் பார்த்தவள் என்பதால் இந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் பேச்சே வேறு, அப்போது ஏற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். பப்பாளி இலைச்சாறு பற்றியும் ஒரு வார்த்தை. அது கவுண்டை ஏற்றுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நோயின் போக்கைத் தீர்மானிக்கும் எண் அது இல்லையே. குமட்டலோடு கிடப்பவருக்கு அந்தக் கசப்பைக் கொடுத்து, உள்ளே போன கஞ்சியும் வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, மெஷின் ஏமாறும். ரத்தம் மெதுவாக எடுத்தாலோ குழாயைச் சரியாகக் குலுக்காமல் விட்டாலோ பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மெஷின் கட்டியை எண்ணாது. ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பவருக்கு நாற்பதாயிரம் என்று காட்டும். சந்தேகமான எண் வந்தால் சிலைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா என்று கேளுங்கள். நல்ல லேப் கோபித்துக்கொள்ளாது.

கல்லீரல் எண்கள்: எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும்

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

டெங்கு வைரஸ் கல்லீரலையும் தாக்கும். கல்லீரல் செல்கள் அடிபடும்போது உள்ளே இருக்கும் நொதிகள் ரத்தத்தில் சிந்தும். அவைதான் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி. சில லேப்களில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றே. சாதாரணமாக இரண்டும் சுமார் 40 யூனிட்டுக்குள் இருக்கும்.

டெங்குவுக்கு ஒரு கையெழுத்து உண்டு: எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைவிட அதிகமாக இருக்கும். எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலுக்கே உரியது. எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. உடம்பை முறித்துப் போடும் காய்ச்சலில் தசையிலிருந்தும் அது வருகிறது. மஞ்சள் காமாலை தரும் ஹெப்படைட்டிஸ் ஏ-யில் பெரும்பாலும் இது தலைகீழ், எஸ்ஜிபிடிதான் மேலே நிற்கும், அதுவும் ஆயிரக்கணக்கில். ஆகவே எஸ்ஜிபிடி 1,800, எஸ்ஜிஓடி 1,100 என்று ஒரு தாள் வந்தால், டெங்கு சீசனாக இருந்தாலும் டாக்டர்கள் வேறு வழியிலும் யோசிப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹெப்படைட்டிஸ் ஏ-யில் எஸ்ஜிபிடி 2,000 தாண்டியவர்களில் பெரும்பாலோர் ஓய்வெடுத்தே தேறிவிடுகிறார்கள். டெங்குவில் நாலாம் நாள் எஸ்ஜிஓடி 400 என்றாலே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஒரே நொதி, ஒரே மெஷின், ஆனால் எண்ணின் எடை நோய்க்கு நோய் மாறுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் லாசா காய்ச்சல் என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. சியரா லியோனில் நடந்த ஆய்வு 1986இல் வெளியானது. அட்மிட் ஆகும்போது எஸ்ஜிஓடி 150-ஐத் தொட்டவர்களில், மருந்து கிடைக்காதவர்கள் 55 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆறு நாளுக்குள் ரிபாவிரின் மருந்து தொடங்கியவர்களில் அது 5 சதவீதமாக இறங்கியது. அங்கே யாருக்கு மருந்து அவசரம் என்பதைக் காட்டும் கோடாகவே அந்த 150 ஆகிப்போனது.

டெங்குவில் அப்படி ஒரு கோடு கிடைக்குமா என்று பலர் தேடினார்கள். சிங்கப்பூரில் 2008இல் சிகிச்சை பெற்ற 690 பெரியவர்களின் கணக்கைப் பார்த்தார்கள். 86 சதவீதம் பேருக்கு எஸ்ஜிஓடி கூடியிருந்தது, 46 சதவீதம் பேருக்கு எஸ்ஜிபிடி. நோய் முற்றியவர்களுக்கு அளவு அதிகமாக இருந்தது உண்மை. ஆனால் இதற்கு மேலே ஆபத்து, கீழே நிம்மதி என்று பிரிக்க ஓர் எண் அகப்படவில்லை. கிட்டத்தட்ட எல்லோருக்கும் கூடும் எண் எப்படித் தனியாகத் தீர்ப்புச் சொல்லும்?

அப்படியானால் எடுக்கவே வேண்டாமா? எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. 2021இல் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பு வெளிவந்தது. காய்ச்சல் அடிக்கும் நாட்களிலேயே, அதாவது ஆபத்துக் கட்டம் வருவதற்கு முன்பே, பின்னால் யார் மோசமாவார்கள் என்பதோடு சேர்ந்து நின்ற விஷயங்கள் அதில் வந்தன. வாந்தி, வயிற்றுவலி, ரத்தக்கசிவு, குறைந்த பிளேட்லெட் ஆகியவற்றோடு, உயர்ந்த எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, அல்புமின் என்ற புரதம் குறைவது ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆக, கல்லீரல் எண்கள் யாரை உற்றுப் பார்க்க வேண்டும் என்று சீக்கிரமே கை காட்டுகின்றன. எப்போது விழப்போகிறார் என்பதை அவை சொல்லாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வகைப்பாட்டில் எஸ்ஜிஓடியோ எஸ்ஜிபிடியோ 1,000 யூனிட்டைத் தொட்டால் அது தீவிர டெங்கு. பலர் இந்த 1,000-ஐ எச்சரிக்கை மணி என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். அது எச்சரிக்கை இல்லை, வந்துவிட்டது என்று அர்த்தம். முன்கூட்டித் தெரிய வேண்டுமானால் மூன்றாம் நான்காம் நாளில் சில நூறுகளாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

நாள் கணக்கு இதில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். எஸ்ஜிஓடி உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் ஒரு வாரம் கழிந்த பிறகு. அதற்குள் கசிவுக் கட்டம் முடிந்திருக்கும். எட்டாம் நாள் பசியெடுத்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எஸ்ஜிஓடி 450 வந்தால் டாக்டர் அவ்வளவாகப் பதற மாட்டார், இரண்டு மூன்று வாரத்தில் தானாக இறங்கும். அதே 450 நாலாம் நாள் வாந்தியோடு வந்தால் அட்மிஷன் பற்றிப் பேசுவார்.

இந்த எண்ணைக் கெடுக்கும் விஷயங்களும் உண்டு. சிறு குழந்தைகளுக்கு மெல்லிய நரம்பில் கஷ்டப்பட்டு எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்திருந்தால் எஸ்ஜிஓடி பொய்யாக ஏறும். இடுப்பில் போட்ட ஊசியும் தசையைக் காயப்படுத்தி அதை ஏற்றும் (டெங்குவில் தசை ஊசி கூடாது என்பது வேறு விஷயம், அங்கே ரத்தம் கட்டிவிடும்). தினம் குடிப்பவருக்கு எஸ்ஜிஓடி ஏற்கெனவே கூடியிருக்கும், கல்லீரலில் கொழுப்பு உள்ளவருக்கு எஸ்ஜிபிடி. அதனால்தான் போன வருடம் செய்த மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள் என்று கெஞ்சுகிறேன்.

அப்புறம் பாராசிட்டமால். காய்ச்சலுக்கு அதுதான் சரியான மாத்திரை, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் பக்கமே போகக்கூடாது. ஆனால் அதுவும் அளவு மீறினால் கல்லீரலைத்தான் அடிக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் வந்துவிடும். கூடவே கடையில் வாங்கிய சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். கல்லீரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்போது டாக்டர்கள் இந்த வரம்பையும் குறைப்பார்கள். எஸ்ஜிஓடி எகிறி வந்தால் நான் முதலில் கேட்பது, எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்றுதான்.

யாரும் படிக்காத பிசிவி

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிசிவி, ஹீமாட்டோகிரிட் என்றும் போட்டிருக்கும், நீங்கள் பிளேட்லெட்டுக்காகப் பணம் கட்டிய அதே சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) தாளில் இருக்கிறது. தனிச் செலவு இல்லை. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதே அது. நீர் கசிந்து வெளியேறினால் மிச்ச ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். ஆரம்ப அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆரம்ப அளவிலிருந்து என்பதுதான் இங்கே உயிர். ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு வழக்கமான பிசிவி 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இது சர்வசாதாரணம். கசிவில் அது 34 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது, ஆபத்து. ஆனால் ரிப்போர்ட்டில் பெண்களுக்கான நார்மல் 36-க்கு மேலே என்று இருப்பதால், மெஷின் அந்த 34-க்குப் பக்கத்தில் 'குறைவு' என்று அச்சடிக்கும். பார்ப்பவர் சத்துமாத்திரை போதும் என்று நினைப்பார். நான் சொன்ன அந்தப் பையனுக்கும் இதுதான் நடந்தது. முதல் ரிப்போர்ட்டில் 38, வீட்டுக்குக் கூட்டிப் போன அன்று 46. இரண்டுமே நார்மலுக்குள்தான். இரண்டு தாள்களையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

எஸ்ஜிஓடியோடு ஒப்பிட்டால் பிசிவி மணிக்கணக்கில் மாறும். அதனால் வார்டில் சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துச் சலைன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். எஸ்ஜிஓடியை மணிக்கொரு முறை எடுத்து ஒரு பயனும் இல்லை, அது அத்தனை சீக்கிரம் அசையாது. ஆனால் பிசிவி, கசிவு தொடங்கிய பிறகுதான் ஏறும். முதல் மூன்று நாளில் அது பேசாது. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: நோயாளி சோர்ந்துகொண்டே போக, பிசிவி திடீரென்று இறங்கினால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். சலைன் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தாலும் பிசிவி பொய்யாக இறங்கும். எங்கள் ஆட்கள் அவசரத்தில் அப்படி எடுக்க வந்தால், மறு கையில் எடுங்கள் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

அல்புமின்: கல்லீரலின் பெயரில் ரத்தக்குழாயின் செய்தி

எல்எஃப்டி என்ற கல்லீரல் பரிசோதனைத் தொகுப்பிலேயே அல்புமின் வரும். கல்லீரல் தயாரிக்கும் புரதம். அது குறைந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்றுதான் பொதுவாக நினைப்போம். டெங்குவில் கதை வேறு. ஒரு முறை தயாரான அல்புமின் பாதியாகக் குறையவே மூன்று வாரம் போல ஆகும். கல்லீரல் இன்று வேலையை நிறுத்தினாலும் நாலு நாளில் 4.3 கிராம் 3.3-க்கு வராது. அப்படி விழுந்தால் அது ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்திருக்கிறது. ரத்தசோகையாலோ, ஏற்கெனவே ஏறிய சலைனாலோ பிசிவி குழப்பும் இடங்களில் 3.5-க்குக் கீழே போன அல்புமின் நல்ல சாட்சி. ஸ்கேனில் நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் தெரிவதும் இதே செய்தியைத்தான் சொல்லும். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கவனம், அவர்களுக்கு அல்புமினும் பிசிவியும் இயல்பாகவே குறைவு.

ஐஎன்ஆரும் பிலிருபினும்

கல்லீரல் அடிபடுவது வேறு, கல்லீரல் வேலையை நிறுத்துவது வேறு. எஸ்ஜிஓடி முதலாவதைச் சொல்கிறது. இரண்டாவதை, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சொல்கிறது. ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல்தான் செய்கிறது, அவற்றில் ஒன்றின் ஆயுள் சில மணி நேரம்தான். கல்லீரல் கையை விரித்தால் ஒரு நாளுக்குள் ஐஎன்ஆர் ஏறிவிடும். 1.5-ஐத் தாண்டி, கூடவே நோயாளி உளறவோ தூங்கி வழியவோ தொடங்கினால் அது கல்லீரல் செயலிழப்பு.

ஒரு பொறி இருக்கிறது, அதற்காகவே இந்தப் பகுதி. எஸ்ஜிஓடி 4,000-லிருந்து 1,500 ஆக இறங்கியதும் வீட்டார் சாமிக்கு நேர்ந்ததை நிறைவேற்றக் கிளம்புவார்கள். ஐஎன்ஆரும், ரத்தத்தில் கூடினால் கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபினும் இறங்கினால் சரி. அவை ஏறிக்கொண்டிருக்க நொதி மட்டும் இறங்கினால், சிந்துவதற்கே செல்கள் மிச்சமில்லை என்று பொருள்.

பிலிருபின் டெங்குவில் பெரும்பாலும் ஏறாது. கண் மஞ்சளானால் வேறு நோய் கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைத்தண்ணீரில், வயலில் வேலை செய்தவருக்கு பிலிருபின் நன்றாக ஏறி, எஸ்ஜிஓடி கொஞ்சம் மட்டும் கூடி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் கூடியிருந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு.

  

என் வீட்டில் ஒருவருக்கு வந்தால்

என் அண்ணன் மகளுக்கு வந்தபோது என்ன செய்தோம் என்று சொல்கிறேன், அதுவே என் தேர்வு.

காய்ச்சல் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணிக்கொண்டோம். இரண்டாம் நாள் சிபிசியும், டெங்கு வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் என்எஸ்1-ம். அந்த சிபிசியில் வந்த பிசிவியை காலண்டரில் பெரிதாக எழுதி வைத்தேன், பின்னால் ஒப்பிட அதுதான் அடித்தளம். என்எஸ்1 பாசிட்டிவ் என்பது டெங்கு என்று மட்டும் சொல்லும், எவ்வளவு தீவிரம் என்று சொல்லாது. எல்எஃப்டி அன்று எடுக்கவில்லை.

நாலாம் நாள் சிபிசியோடு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, அல்புமின். தினம் இரண்டு வேளை பிளேட்லெட் பார்க்கும் காசில் இதை ஒரு தடவை எடுத்துவிடலாம். எஸ்ஜிஓடி 310, அல்புமின் 3.9. பிளேட்லெட் அப்போது ஒரு லட்சத்துக்கு மேல்தான். கூடவே மூன்று தடவை வாந்தி எடுத்திருந்தாள். டாக்டரிடம் தாளைக் காட்டியதும் அட்மிஷன் போட்டார். எஸ்ஜிஓடி மட்டும் 310 ஆக இருந்து, அவள் நன்றாகச் சாப்பிட்டுச் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தால், மறுநாள் காலை வாருங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பார். எஸ்ஜிஓடி சாதாரணமாகவே வந்து, வயிற்றுவலியும் தொடர் வாந்தியும் இருந்தால்? அப்போதும் அட்மிஷன்தான். உடம்பு சொல்வதை ரத்தம் ரத்து செய்ய முடியாது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அண்ணி சிரித்தார். நான் பயந்தேன், ஏனென்றால் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கசிவு. அன்றிலிருந்து எஸ்ஜிஓடியை மறந்து பிசிவியைப் பிடித்துக்கொண்டோம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தார்கள், 36-லிருந்து 41 வரை போய், சலைன் ஏறியதும் நின்றது. பிளேட்லெட் 31,000 வரை விழுந்தது, ஏற்றவில்லை. எஸ்ஜிஓடி 1,000-ஐ நெருங்கியிருந்தாலோ அவள் மந்தமாகியிருந்தாலோ ஐஎன்ஆர், பிலிருபின், சர்க்கரை, கிரியேட்டினின் எல்லாம் கேட்டிருப்பார்கள். தேவைப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து எஸ்ஜிஓடி ஒரு முறை பார்த்தோம், 38.

லேப் ஜன்னலுக்கு வரும்போது மூன்று விஷயங்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: காய்ச்சல் எத்தனையாவது நாள், இதுவரை போட்ட பாராசிட்டமால் எத்தனை, பழைய பிசிவி எவ்வளவு. ரிப்போர்ட்டின் மேல் மூலையில் நான் அதைக் கையால் எழுதிப் பின் குத்தி அனுப்புகிறேன். டாக்டர் முதலில் அதைத்தான் பார்க்கிறார்.